உள்ளே ஆள் உண்டு

எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறியது. பேச்சு மாறவில்லை. என் பின் இருக்கையில் இரண்டு பெண்கள், ஒரு கல்யாண வீட்டு அவியலில் முருங்கைக்காய் குறைந்துபோன விஷயத்தை நாகர்கோவிலில் ஏறியதிலிருந்து பேசிக்கொண்டு வந்தார்கள். நடத்துநர் பக்கத்தில் வந்தால் மட்டும் மலையாளத்துக்குப் போனார்கள். அவர் நகர்ந்ததும் தமிழுக்கும் முருங்கைக்காய்க்கும் திரும்பினார்கள். அதைக் கேட்டுக்கொண்டே நான் தூங்கிப்போனேன். நான் இறங்க வேண்டிய பாறசாலையும் போய்விட்டது.

கண் விழித்தபோது பேருந்து உதியன்குளங்கரையில் நின்றிருந்தது. வெளியே நல்ல மழை. "பாறசாலை பாறசாலை என்று தொண்டை வற்றக் கூவினேன், அம்மா எழுந்தால்தானே" என்று நடத்துநர் மலையாளத்தில் சொன்னார். கோபமில்லை, வருத்தம்தான். பையையும் குடையையும் அவரே இறக்கித் தந்தார்.

சாலைக்கு அந்தப் பக்கம் நின்ற ஆட்டோவில் ஏறினேன். "பாறசாலைக்குப் போகணுங்க" என்றதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "கோயம்புத்தூரா? எங்க ஊரில இவ்வளவு மரியாதை தந்தா பயமாட்டுல்லா இருக்கும்" என்றார். பாதி வழியில் தண்ணீர் தேங்கிய இடத்தில் வண்டி இருமி நின்றது. ஒரு மூடிய கடையின் முன்னால் நானும் அவரும் ஒதுங்கினோம். மழை சற்று விட்டதும் அவர் தள்ளினார், நான் குடை பிடித்தேன். கோயம்புத்தூரில் மழை பெய்தால் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்ப்போம். இங்கே அதை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

நான் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். கவிதை எழுதுகிறவள். கவிதை எழுதுகிறவளுக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று என் தம்பி கேட்பான். சிற்றிதழ்க்காரர்களுக்குள் அது ஒரு உறவு. எங்கள் தொகுப்புகளுக்கு அட்டை வரைந்து தந்தவர்கள் ஓவியர்கள். அவர்கள் படங்களைப் பற்றி எழுத வேறு ஆள் கிடையாது, அதனால் நாங்கள் எழுதினோம். கவிதைக்கென்று வைத்திருந்த சொற்களையே அங்கேயும் கொண்டுபோனோம். மௌனம், வெளி, இருப்பு, வெறுமை. நல்ல சொற்கள்தான். எந்த ஓவியருக்கும் பொருந்திவிடும் என்பதுதான் சங்கடம்.

திருவனந்தபுரத்தில் சிறிய ஓவியக்கூடம் வைத்திருக்கும் நண்பர் மாதவன் கூப்பிட்டுத்தான் கிளம்பினேன். "பாறசாலைப் பக்கம் றோஸ்லின் என்று ஒருவர். நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்றுவிட்டார். வெகுகாலத்துக்கு முன் ஒரு குழுக் கண்காட்சியில் சில படங்கள் வைத்தார், அப்புறம் வெளியே காட்டவே இல்லை. இப்போது தனிக் கண்காட்சிக்குச் சம்மதித்திருக்கிறார். நீங்கள் அவர்கள் வீட்டிலேயே தங்கி, படங்களைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள்" என்றார். ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட்டார். அது எனக்குச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தெரிந்தது.

றோஸ்லினின் கணவர் செல்வின் வாசலில் குடையோடு நின்றிருந்தார். பேருந்து ஓட்டுநராக இருந்தவர். "உறங்கிப் போனியளா? நான் ஓட்டும்போ உறங்குதவங்களை எழுப்பணும்னே ஒரு வளைவு வச்சிருந்தேன். அங்க ஒரு பிரேக்கு போட்டா முழிச்சிடுவாவ. இப்ப உள்ளவங்களுக்கு அதொண்ணும் தெரியாது" என்று என் பையை வாங்கிக்கொண்டார்.

மசித்த மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் வைத்தார்கள். எங்கள் வீட்டில் மீன் என்பது ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம். இந்த வீட்டில் மீன் இல்லையென்றால் சாப்பாடு முடிந்ததாகவே கணக்கில்லை போலிருந்தது. குழம்பின் சிவப்பைப் பார்த்துப் பயந்தேன். புளிப்பும் தேங்காயும் சேர்ந்து மரச்சீனியோடு உள்ளே போனபோது பயம் தெளிந்தது. றோஸ்லின் எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் முள் எடுப்பதைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து அவரே முள்ளை எடுத்துத் தந்தார். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர். ஒல்லியான உருவம், நரையை மறைக்காத முடி. பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சுப் பக்கமாகப் பார்ப்பார். தொழில் பழக்கம் என்று பிறகு அவரே சொல்லிச் சிரித்தார்.

கை கழுவி வந்ததும் சொன்னார்.

"அக்கா, ஒரு காரியம். நீங்க வந்ததுல எனக்கு சந்தோசமாக்கும். எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க. படம் எல்லாம் பாருங்க. ஆனா எழுதாண்டாம்."

எனக்குப் புரியவில்லை.

"மாதவன் சொல்லல்லியா? படம் வைக்கலாம், கட்டுரை கூடாது, அதும் கவிஞருன்னா கூடவே கூடாதுன்னு சொல்லித்தான் நான் சம்மதிச்சேன்."

செல்வின் எழுந்து பால் சேர்க்காத கட்டஞ்சாயா போடப் போனார். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவர் எழுந்து போவார் என்று தோன்றியது.

நடந்தது இதுதான். முன்பு அந்தக் குழுக் கண்காட்சியில் றோஸ்லினின் படங்களைப் பார்த்த ஒரு மலையாளக் கவிஞர், ஒரு வார இதழில் எழுதினார். பெரிய கவிஞர், புதுமையான கவிதைகள் எழுதுகிறவர். றோஸ்லின் வரைந்திருந்தவை ஆளில்லாத அறைகள், பெஞ்சுகள், நாற்காலிகள். அவர் மனம் நிறைந்து பாராட்டித்தான் எழுதினார். இந்த வீடுகளில் சூன்யம் குடியிருக்கிறது என்று ஒரு வரி. மலையாளத்தில் சூன்யம் என்றால் ஒன்றுமில்லாமை. எங்கள் சொல்லில் வெறுமை. அவரிடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

ஆனால் இது எல்லை ஊர். மலையாளத்தில் வாசித்துத் தமிழில் பேசுகிற ஊர். பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கு யாரோ அந்த இதழைக் கொண்டுவந்து, நம் சபைப் பெண்ணைப் பற்றி வந்திருக்கிறதென்று பெருமையாக வாசித்துக் காட்டினார்கள். தமிழில் சூனியம் என்றால் வேறு. செய்வினை, ஏவல். றோஸ்லின் வீட்டில் சூனியம் இருப்பதாகப் பேப்பரில் வந்திருக்கிறது என்று பேச்சு பரவ ஒரு வாரம்கூடப் பிடிக்கவில்லை.

"சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாவ. நானும் சிரிச்சேன்" என்றார் றோஸ்லின். "பிறவு எங்க எலிசியக்கா மகளுக்கு நிச்சயம் பண்ண இருந்த கல்யாணம் நின்னு போச்சு. அக்காவுக்க புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு நான் ஒரு படம் வரைஞ்சு கொடுத்திருந்தேன். முன்னறையில மாட்டியிருந்தா. அதுதான் காரணம்னு ஆரோ சொல்லிட்டாவ. ஒரு நாள் மத்தியானம் நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து, அந்தப் படத்தைப் போர்வையில சுத்திக் கொண்டு வந்து இந்த வாசல்ல வச்சிட்டுப் போயிட்டா. அதுக்குப் பிறவு பேச்சு இல்ல. மரிப்பு வீட்டுல பார்த்தாலும் முகம் திருப்பிட்டுப் போவா."

எலிசி, றோஸ்லினின் கூடப்பிறந்த ஒரே அக்கா. நான் ஆட்டோவுக்கு நின்ற உதியன்குளங்கரையில்தான் அவர் வீடு. அந்த மகளுக்குப் பிறகு நல்ல இடத்தில் கல்யாணம் ஆகி, குழந்தையும் இருக்கிறது. ஆனாலும் பேச்சு இல்லை.

"சரிங்க. எழுதலைங்க. பார்த்துட்டு மட்டும் போறேன்" என்றேன். அவர் முகம் தெளிந்தது. செல்வின் சாயாவோடு ஒரு சீப்பு மட்டிப்பழமும் கொண்டுவந்து வைத்தார். விரல் நீளம்கூட இல்லாத பழம். அதன் வாசனையைப் பற்றி எங்கள் ஊரில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மறுநாள் மழை இல்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனுடைய அறையில்தான் படங்கள் இருந்தன. ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. சுவர் நெடுகத் தரையில் சாய்த்து வைத்திருந்தார். மூலையில் ஒன்று மட்டும் பூப்போட்ட போர்வையில் சுற்றிக் கட்டியபடி இருந்தது. அது எதுவென்று நான் கேட்கவில்லை.

பின்னணி எல்லாம் எக்ஸ்ரே படத்தின் கறுப்பு. முழுக் கறுப்பு அல்ல, உள்ளே நீலம் கலங்கிய கறுப்பு. அதிலிருந்து வெள்ளையும் சாம்பலுமாகப் பொருள்கள் எழுந்து வரும். ஒரு நீளமான பெஞ்சு. கதவோரம் ஒரு நாற்காலி. கைப்பிடியில் துண்டு தொங்கும் கட்டில். நடைவழி. ஒரு மனிதர்கூட இல்லை. அந்த மலையாளக் கவிஞரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. என் நாக்கின் நுனியிலும் அதே சொல்தான் நின்றது.

நின்று குனிந்து பார்க்க முதுகு வலித்தது. மூட்டு வலிக்காரி, இருந்தாலும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சமையலறையில் ஏதோ தாளிக்கும் வாசனை வந்தது. பின்பக்கத்து ரப்பர் மரங்களுக்குள் யாரோ யாரையோ மலையாளத்தில் கூப்பிட்டுத் தமிழில் திட்டினார்கள். என்னவென்று யோசிக்காமல் படங்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். தரையில் உட்கார்ந்ததால் என் கண்கள் இப்போது படங்களின் கீழ்ப்பகுதிக்கு நேராக இருந்தன. கூடத்தில் மாட்டினால் நாம் நாற்காலியைப் பார்ப்போம், கதவைப் பார்ப்போம். கீழ் விளிம்பு வரை யார் பார்க்கிறார்கள்?

கீழே, கறுப்புக்குள் கறுப்பாக, ஒரு ஜோடி செருப்பு இருந்தது.

அடுத்த படத்துக்கு நகர்ந்தேன். அதிலும் இருந்தது, பெண்பிள்ளைச் செருப்பு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி. அடுத்ததில் வார் அறுந்து ஊசி குத்திய ஒன்று. எல்லாம் கதவைப் பார்த்துக் கிடந்தன.

"றோஸ்லின்" என்று கூப்பிட்டேன். கையில் கரண்டியோடு வந்தார். "இந்தச் செருப்பெல்லாம் உள்ளே பார்த்துக் கிடக்குதுங்களே?"

"ஆமா. எக்ஸ்ரே முறிக்கு வெளிய கழற்றிப் போட்டுட்டுத்தான் உள்ள போவாவ. தினமும் பார்த்தது. அப்படியே கையில வந்திருக்கும்."

"அப்படின்னா ஆள் உள்ளேதான் இருக்காங்க."

றோஸ்லின் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் படத்தைப் பார்த்தார். தவழாத குறையாக அடுத்ததற்குப் போனார். அடுத்ததற்கு. தான் வரைந்ததை முதல்முறை பார்ப்பவரைப் போலப் பார்த்தார்.

"உள்ள ஆளு உண்டு" என்றார் மெதுவாக. "செரிதான். எல்லாத்துலயும் உண்டு. நான் வேணும்னு போடல்ல அக்கா. ஆனா உண்டு."

அடுப்பில் ஏதோ தீய்ந்தது. செல்வின் உள்ளே ஓடும் சத்தம் கேட்டது. றோஸ்லின் எழுந்திருக்கவில்லை. அந்த அறைக்குள் போகிறவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். எலும்பு முறிந்தவனுக்கு வலி மட்டும்தான், பயம் இருக்காது. இருமலுக்கு வருகிறவர்களுக்குத்தான் பயம். நெஞ்சைத் தகட்டில் ஒட்டி நிற்கச் சொல்லிவிட்டு இவர் கண்ணாடிக்குப் பின்னால் போவார். மூச்சைப் பிடியுங்கள் என்பார். பிடிப்பார்கள். இனி விடலாம் என்று சொன்ன பிறகும் சிலர் விடாமல் நிற்பார்கள். தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டும்.

"வெளிய பெஞ்சில கூட வந்தவங்க இருப்பாவ. அவங்களைத்தான் வரையணும்னு ஆரம்பிச்சேன். வரைஞ்சு வரைஞ்சு அழிச்சிட்டேன். அவங்க முகத்தை வரைய எனக்கு மனசு வரல்ல. பெஞ்சு மட்டும் மிச்சம்."

பிறகு என் நெஞ்சைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "அக்கா, இதை எழுதுவியளா? எலிசியக்கா கேக்குற மாதிரி எழுத முடியுமா?"

அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் எழுதினேன். எழுதியதை நீட்டியபோது றோஸ்லின் வாங்கவில்லை. "எனக்குத் தமிழ் மெதுவாத்தான் வாசிக்க வரும். பள்ளிக்கூடம் முழுக்க மலையாளமாக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில பாட்டைப் பார்த்துப் பாடுவேன், அவ்வளவுதான். நீங்க வாசியுங்க" என்றார். பிறந்ததிலிருந்து பேசுகிற மொழியை எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். எங்கள் ஊரில் அப்படி ஒரு நிலையை நான் நினைத்தும் பார்த்ததில்லை.

செல்வினும் வந்து உட்கார்ந்தார். வாசித்தேன். என் கட்டுரைகளை இதுவரை யாரும் காதால் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"ஓவியரின் இருப்பு" என்ற இடத்தில் செல்வின் கையைத் தூக்கினார். "இருப்புன்னா? பலசரக்குக் கடையில உள்ளதா?"

"ஆள் இருக்கிறது, வாழறது" என்றேன்.

"அப்ப ஆளு இருக்குன்னு சொல்லலாமில்லா?"

எழுதினால் என்ன என்று தோன்றியது. அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். "வெளி" என்ற சொல் றோஸ்லினுக்கு முற்றமாகக் கேட்டது. அதையும் எடுத்தேன். "மௌனம்" வந்தபோது இருவரும் தலையாட்டினார்கள். ஆனால் எனக்கே அது வேண்டாமென்று பட்டது. ஒரே ஒரு இடத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "காத்திருப்பு" என்று எழுதியிருந்தேன். றோஸ்லின் முகம் சுளித்தார்.

"அது ஆசுபத்திரி போர்டுல உள்ள வார்த்தை அக்கா. மலையாளத்துல காத்திரிப்பு முறின்னு எழுதியிருக்கும். அந்த போர்டுக்கு அடியில தான் நான் இத்தனை காலம் நடந்தேன். சலிச்சுப் போச்சு."

"சலிச்சுப் போன சொல்தாங்க வேணும். நீங்க சலிச்சுப் போன பெஞ்சைத்தானே வரைஞ்சிருக்கீங்க?"

அவர் யோசித்தார். "செரி. கெடக்கட்டும்" என்றார். நாங்கள் மூவரும் ஏதோ பெரிய வேலையை முடித்தவர்கள் போலச் சாயா குடித்தோம். கட்டுரை ஒரு பக்கமாகச் சுருங்கியிருந்தது. நான் எழுதியதிலேயே சின்னது. அதன் முதல் வரி, 'இந்த வீடுகளுக்குள் ஆள் உண்டு' என்பது.

அதை எலிசிக்கு வாசித்துக் காட்டுவதென்று முடிவானது. அக்கா வீட்டுக்கு வர றோஸ்லின் மறுத்துவிட்டார். செல்வின் என்னை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனார். பேருந்து ஓட்டியவர் ஸ்கூட்டர் ஓட்டினால் எப்படியிருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன். சாலை முழுவதும் தன்னுடையது என்ற நினைப்பு அவருக்குப் போகவில்லை. எதிரே வந்த லாரிக்காரர் மலையாளத்தில் ஏதோ கத்தினார். "என்ன சொல்றார்?" என்றேன். "பழக்கமான ஆளாக்கும், சுகமான்னு கேக்குதாரு" என்றார் செல்வின்.

எலிசி அறுபதைத் தாண்டியவர், தங்கையை விடக் கொஞ்சம் கனத்த உடம்பு. செல்வினைப் பார்த்து முகம் இறுகியது. என்னைப் பார்த்ததும் விருந்தாளி வந்த வேகம் சேர்ந்துகொண்டது. உட்காரச் சொன்னார், ஏத்தம்பழம் என்கிற நேந்திரம்பழத்தைப் பொரித்து வைத்தார். ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. வந்த காரியத்தைச் சொன்னேன். சூன்யம், சூனியம் இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை விளக்க ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அது எனக்கும் தெரியும். நானும் மலையாளம் படிச்சவளாக்கும். ஏவல் செய்வினைன்னு நம்பிட்டு நான் படத்தைக் கொண்டு போகல்ல."

செல்வின் நிமிர்ந்தார். அவருக்கும் இது புதிது.

"ஒண்ணும் இல்லாத்த வீடு. அதுதானே அர்த்தம்? நான் ஆசையா வீடு வச்சு, முன்னறையில கூடப்பிறந்தவ தந்த படத்தை மாட்டியிருக்கேன். மகளுக்க கல்யாணம் நின்னு போன வீட்டுல, ஒண்ணும் இல்லாத்த வீட்டுக்க படம். காலையில எழும்பினா அதுக்க மூஞ்சியில தான் முழிப்பேன். பேப்பருல வாசிக்கதுக்கு முன்ன எனக்கு அது அப்படித் தெரியல்ல. வாசிச்ச பிறவு வேற ஒண்ணும் தெரியல்ல. அவளுக்க மனசுல எனக்க வீடு அப்படித்தான் இருக்கோன்னு..." நிறுத்தினார். "அவ கிட்ட எப்படிக் கேக்கது? கேட்டா ஆமான்னு சொல்லிட்டா?"

தமிழில் பிழையாகக் கேட்டதால் வந்த வினை என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். சரியாகக் கேட்டதால் வந்தது. ஒரு சொல் படத்துக்கு மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் படத்தை யாராலும் பார்க்க முடியாது.

அந்த ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "எழுதினதைக் கேட்டுக் கெட்டது போதும்." நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் செல்வினிடம், "அவளுக்கு இருமல் உண்டா இப்பமும்?" என்றார். "மழைக்கு உண்டு" என்றார் செல்வின். கிளம்பினோம்.

நாங்கள் சொன்னதை றோஸ்லின் மீன் அரிந்துகொண்டே கேட்டார். கடைசியில், "திருவனந்தபுரம் பிறவு. முதல்ல இஞ்ச வைக்கணும். நம்ம சர்ச் ஹாலில" என்றார்.

போனில் மாதவன் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்கே கேட்டது. சபைக் கூடத்தில் யார் வந்து ஓவியம் பார்ப்பார்கள் என்றார். "ஆரெல்லாம் பேசினாவளோ அவங்க வருவாவ" என்றார் றோஸ்லின். போதகர் இளைஞர். சாவியைத் தந்ததோடு, ஞாயிறு ஆராதனை முடிந்து அறிவிப்பும் செய்வதாகச் சொன்னார்.

மழைக்காலம் ஓய்ந்ததும் மறுபடி போனேன். இந்த முறை தூங்கவில்லை. செல்வின் சொன்ன வளைவு எதுவென்று பார்த்துக்கொண்டே போனதில் சரியாகப் பாறசாலையில் இறங்கினேன்.

படங்களைக் கொண்டுபோக செல்வினின் நண்பர் ஒருவர் ஜீப் தந்தார். வழியில் டயர் பஞ்சரானது. மாதவன், நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தவர், ஒரு படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கூடம் வரை நடந்தார். அவர் வழக்கப்படி கண் உயரத்துக்கு மாட்டப் போனபோது றோஸ்லின் தடுத்தார். தரையிலிருந்து ஒரு முழத்தில் மாட்டச் சொன்னார். எதிரே பாய் விரித்தார். உட்கார முடியாதவர்களுக்குச் சின்ன முக்காலிகள். மாதவன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

என் ஒரு பக்கத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்து வாசல் மேசையில் அடுக்கியிருந்தோம். மலையாளத்தில் மாதவன் பெயர்த்திருந்தார். அந்தச் சொல் எங்கும் வந்துவிடக் கூடாதென்று மூன்று பேரிடம் காட்டினாராம்.

ஆராதனை முடிந்து ஜனங்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சேலைகள், சலவை வேட்டிகள். முதலில் வாசலில் கூட்டமாக நின்றார்கள். உள்ளே நுழைந்த ஒரு பெரியவர் பொதுவாகக் கேட்டார்: "இதுல என்ன உண்டு? ஆளையே காணல்லியே?"

நான் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். அதற்குள் றோஸ்லின் முன்னால் வந்துவிட்டார். கூட்டத்தில் வாய் திறக்காதவர் என்று செல்வின் சொல்லியிருந்தார்.

"இஞ்ச வாங்க மாமா. இப்படிப் பாயில இரிங்க. இருந்தாத் தான் தெரியும். அந்தா கீழ பாருங்க, கதவுப் பக்கத்துல."

பெரியவர் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "கொள்ளாமே! ஒருத்தன் உள்ள போயிருக்கான்!" என்று சத்தமாகச் சொன்னார். வாசலில் நின்றவர்கள் எல்லோரும் உள்ளே வந்தார்கள். பாய் நிறைந்தது. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் உட்கார்ந்து, எந்தச் செருப்பு யாருடையதாக இருக்கும் என்று தர்க்கம் நடந்தது. அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர்கள் அங்கே பாதிப் பேர். மூச்சைப் பிடித்து நின்ற கதைகளை அவரவர் சொன்னார்கள். ஒரு பெண் ஒரு படத்தின் முன் வெகுநேரம் இருந்துவிட்டு, றோஸ்லினின் கையைப் பிடித்துக்கொண்டார். தமிழும் மலையாளமும் கலந்த அந்த இரைச்சலுக்கு நடுவே றோஸ்லின் ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்குக் கூட்டத்தை நடத்திக்கொண்டு போனார். நான் எழுதிய தாள்களை ஒருவரும் தொடவில்லை. மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க அவற்றின் மேல் ஒரு தம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கூட்டம் கலையும் நேரத்தில் எலிசி வந்தார். தனியாக, பேருந்தில். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வாசலில் நின்றார். உள்ளேயிருந்து றோஸ்லின் பார்த்துவிட்டார். இருவரும் அசையவில்லை. பிறகு எலிசி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், யாரையும் பார்க்காமல், முதல் பாயில் சிரமப்பட்டு உட்கார்ந்தார். பெஞ்சுப் படத்தைப் பார்த்தார். றோஸ்லின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இந்த முறை அவர் ஒன்றும் விளக்கவில்லை.

எலிசி எல்லாப் படங்களையும் பார்த்தார். நான் வாசலில் நின்றிருந்தேன், அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"எட்டி, எனக்க வீட்டுப் படத்துலயும் உண்டா?"

"உண்டு. ரெண்டு ஜோடி. ஒண்ணு ஒனக்கது, ஒண்ணு மகளுக்கது. பால்காய்ச்சுக்கு முன்ன வீட்டைப் பார்க்க நான் வரும்போ வாசல்ல கிடந்தது."

தங்கை இருமினார். அக்கா தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"அந்தப் படம் எஞ்ச?"

"வீட்டுல உண்டு. நீ சுத்தின போர்வையில அப்படியே இருக்கு."

"செல்வின்கிட்ட கொடுத்து விடு."

"நானே கொண்டு வாறேன். ஆணி அடிக்கணுமில்லா."

எலிசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னத்துக்கு?" என்றார். "ஆணியை நான் பிடுங்கல்ல."